மும்பை பன்னாட்டு ஆவணப்பட, குறும்பட, அசைவூட்டப்பட விழா

முழுநீளக் கதைப்படங்களுக்கு இடமளிக்காமல் ஆவணப்படம், குறும்படம், அசைவூட்டப்படம் ஆகியவற்றுக்கென்றே இந்திய அரசு நடத்தும் விழா. 1990இல் பம்பாயில் தொடங்கியது. ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறுவது. பொற்சங்கு, வெள்ளிச்சங்கு ஆகியவை இதன் முதன்மைப் பரிசுகள். வாழ்நாள் சாதனைக்கான விருது வி. சாந்தாராம் பெயரில் வழங்கப்படுகிறது.

முன்வரலாறு: விழாவை உருவாக்கிய, அரசின் படத் தயாரிப்பு நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷன் 1948இல் நிறுவப்பட்டது. அதற்கு முன்பே, 1940இல், ஏ. கே. செட்டியார் உலகெங்கும் அலைந்து திரட்டிய படச்சுருள்களைக் கொண்டு காந்தி பற்றிய ஆவணப்படத்தைத் தமிழில் வெளியிட்டிருந்தார். இந்திய ஆவணப்பட வரலாற்றை அங்கிருந்து தொடங்குவதே முறை. ஃபிலிம்ஸ் டிவிஷன் படங்களைத் திரையரங்குகள் ஒவ்வொரு காட்சியிலும் கட்டாயமாகக் காட்ட வேண்டியிருந்தது. டூரிங் டாக்கீஸ் வரை போய்ச் சேர்ந்த அந்த 'நியூஸ் ரீல்' வழியாகத்தான் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை அணைக்கட்டுகளையும் வெள்ள நிவாரணத்தையும் திரையில் கண்டது.

நிறுவனத்தின் கார்ட்டூன் பிரிவு 1956இல் அமைந்தது. டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் பயிற்சியளித்தார். ஜாதகக் கதையைத் தழுவிய 'தி பன்யன் டீர்' 1957இல் வந்தது. பின்னாளில் இந்திய அசைவூட்டக் கலையின் தந்தை எனப்பட்ட ராம் மோகன் இப்பிரிவில் தொழில் பயின்றவர்.

சோதனைப் படங்களின் பொற்காலம் 1960களின் பிற்பகுதி. யுனெஸ்கோவிலிருந்து ஃபிலிம்ஸ் டிவிஷனுக்குத் திரும்பிய ஜான் பவ்நகரி இயக்குநர்களுக்குத் துணிவும் இடமும் கொடுத்தார். விடுதலை நாளன்று பிறந்த இளைஞர்களைப் பேசவைத்த எஸ். என். எஸ். சாஸ்திரியின் 'ஐ ஆம் 20' (1967), பெர்லினில் தங்கக் கரடி வென்ற எம். எஃப். ஹுசைனின் 'த்ரூ தி ஐஸ் ஆஃப் எ பெயிண்டர்' (1967) இரண்டும் அக்காலத்தவை. இவர்கள் அனைவரிலும் முதலிடம் பிரமோத் பதிக்கே உரியது. செக்கோஸ்லோவாக்கியாவில் பொம்மலாட்டப் பட மேதை யிரி டிரன்காவிடம் பயின்ற அவர், 'எக்ஸ்ப்ளோரர்' (1968) படத்தில் உரையாடலே இல்லாமல், கண்ணிமைக்கும் வேகத்தில் வெட்டி ஒட்டிய காட்சிகளால் அன்றைய இளைஞரின் மனக்கொந்தளிப்பைக் காட்டினார். 'ஆபித்' படத்தில் ஓவியர் ஆபித் சுர்தியையே ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் படமெடுத்து, உயிருள்ள மனிதரைச் சித்திரமாக்கினார். அரசுப் பிரச்சார நிறுவனம் ஒன்றின் கூரையின் கீழ் இத்தகைய படங்கள் பிறந்தது வியப்புக்குரியது. பதி 1975இல் மறைந்தார். புதுமையான சோதனைப் படத்துக்கு இவ்விழா வழங்கும் விருது அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

தணிக்கைச் சர்ச்சை: 2004ஆம் ஆண்டு விழாவுக்கு இந்தியப் படங்கள் மட்டும் தணிக்கைச் சான்றிதழ் பெறவேண்டும் என்ற விதி முன்வைக்கப்பட்டது. வெளிநாட்டுப் படங்களுக்கு இல்லாத இந்த நிபந்தனையை ஆவணப்படக்காரர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்ததும் அது கைவிடப்பட்டது. ஆனால் குஜராத் கலவரம் பற்றிய ராகேஷ் சர்மாவின் 'ஃபைனல் சொல்யூஷன்' உள்ளிட்ட பல படங்கள் தேர்வில் விலக்கப்பட்டன. அவை விழா அரங்குக்கு அருகிலேயே 'விகல்ப்' என்ற மாற்று விழாவில் திரையிடப்பட்டன. அதே மாதம் 'ஃபைனல் சொல்யூஷன்' பெர்லின் விழாவில் பரிசு பெற்றது.

இன்றைய நிலை: ஃபிலிம்ஸ் டிவிஷன் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது. 18ஆவது விழா 2024 ஜூனில் நடந்தது. சென்னையிலும் படங்கள் திரையிடப்பட்டன. சாந்தாராம் விருது கானுயிர்ப் படக்கலைஞர் சுப்பையா நல்லமுத்துவுக்கு வழங்கப்பட்டது. நீலகிரியின் தெப்பக்காடு யானை முகாமில் கார்த்திகி கொன்சால்வஸ் எடுத்து 2023இல் ஆஸ்கர் வென்ற 'தி எலிஃபெண்ட் விஸ்பரர்ஸ்' போன்ற குறும் ஆவணப்படங்களை, ஒருகாலத்தில் திரையரங்குகள் காட்டிய இடத்தில், இன்று நெட்ஃபிளிக்ஸ் போன்ற இணையத் தளங்கள் வீட்டுக்கே கொண்டுவருகின்றன.