வாசல் செடியைப் பொறுப்புக் கொடுத்துப் போனவர்கள்

பதுளையிலிருந்து பசறை வழியாக மொனராகலைக்கு இறங்கும் பாதையோரத் தோட்டங்களில், லயத்து வரிசை வீடுகளின் இஸ்தோப்புக்கு முன்னால் கிடக்கும் இரண்டடி மண்ணை யாரும் சும்மா விட்டுவைப்பதில்லை. பால்மா டின்னில் குரோட்டன், ஓட்டை வாளியில் ரோஜா, பெயின்ட் வாளியில் கறிவேப்பிலை, தொங்கல் காம்பராவை ஒட்டிக் கொஞ்சம் போஞ்சியும் கீரையும். இவற்றை நட்டவர்களில் பலர் இப்போது அங்கே இல்லை. கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும், குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலையிலும் இருக்கிறார்கள். புறப்படும்போது செடிகளை அம்மாயியிடமோ மதினியிடமோ சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போயிருப்பார்கள். மலையக வரலாற்றில் கூலிக்கும் சங்கத்துக்கும் குடியுரிமைக்கும் கிடைத்த பக்கங்களோடு பார்த்தால், இந்த ஒப்படைப்புக்குக் கிடைத்தது மிகக் குறைவு. அதைச் சின்ன விஷயமென்று ஒதுக்குவது தவறு என்பதே என் கட்சி. காணி உறுதி எதுவும் கையில் இல்லாத ஒரு சமூகம், தான் ஓர் இடத்தைச் சேர்ந்தது என்பதை நாள்தோறும் நிலைநிறுத்திக்கொண்டது இந்த வழியில்தான். அதைச் செய்தவர்கள் பயணம் போனவர்கள் அல்லர், வீட்டில் இருந்தவர்கள்.

வாசலில் செடி நிற்க வேண்டுமானால் வீட்டில் ஆள் நிற்க வேண்டும். கோப்பிக் காலத்தில் அதற்கு வழியில்லை. இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து அப்போது வந்தவர்களில் பெரும்பகுதியினர் ஆண்கள். பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, அது முடிந்ததும் ஊர் வயலுக்குத் திரும்பியவர்கள். நாலைந்து மாதத்தில் நடையைக் கட்டப்போகிறவர் வாசலில் எதை நடுவார்? 1869-இல் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது ஊவாவின் மடுல்சீமையில். அதற்குப் பிறகு கோப்பி எழுந்திருக்கவே இல்லை. 1890-இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தோட்டம் வாங்கியபோது மலைகளைத் தேயிலை பிடித்துக்கொண்டிருந்தது. தேயிலைக்கு ஓய்வுப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் கொழுந்து வரும், கிள்ளப் பெண்கள் வேண்டும். எனவே கங்காணிமார் குடும்பம் குடும்பமாக ஆள் கட்டிக்கொண்டு வந்தார்கள். லயம் நிரந்தரக் குடியிருப்பாயிற்று. தோட்டப் பதிவிலிருந்து பேர் வெட்டப்பட்டு, வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருக்கும் கிழவி என்று ஒருவர் லயத்தில் தோன்றியதும் அதன் பிறகுதான். வாசல் தோட்டத்தின் தோற்றத்தை நான் அவரோடு சேர்த்தே பார்க்கிறேன்.

ஊவாவில் அந்தக் கிழவி இல்லாமல் செடி தப்பாது. தென்மேற்குக் காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஜூலை முதல் செப்டெம்பர் வரை இந்தப் பக்கம் வறண்டு வீசுகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுத்த மணம் அந்தக் காற்றால் வருவது. டின்னில் நிற்கும் செடியைச் சில நாட்களில் கருக்கிவிடுவதும் அதே காற்று. பண்டாரவளை உயரத்தில் டேலியாவும் ஜெரேனியமும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மலை முடிந்து சமவெளி தொடங்கும் மொனராகலையில் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்புகிறவளுக்கு வாசல் செடி ஞாயிற்றுக்கிழமைக் காரியம். மற்ற ஆறு நாளும் பீலியிலிருந்து ஒரு குடம் கூடுதலாகச் சுமந்தும், அரிசி கழுவிய தண்ணீரைச் சேர்த்துவைத்தும் ஊற்றியவர் வீட்டிலிருந்தவர். ஆகவே மத்திய கிழக்குக்கு விமானம் ஏறுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த ஒப்படைப்பு பழகிப்போயிருந்தது. பிற்காலத்தில் தூரம் மட்டும் கூடியது.

துரைமாரின் உலகத்தில் செடி பார்ப்பது சம்பளமும் பெயரும் உள்ள தொழில். 1876-இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1,919 ரப்பர் கன்றுகள் 38 கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறியபோது, வழியில் அவற்றைக் கவனிக்க வில்லியம் சாப்மன் என்ற தோட்டக்காரர் கூடவே அனுப்பப்பட்டார். மொனராகலை மாவட்டத்தில் இன்று பரவிவரும் ரப்பரின் கதையும் அந்தப் பெட்டிகளில்தான் தொடங்குகிறது. சாப்மனின் பெயர் ஏட்டில் இருக்கிறது. பீலித் தண்ணீர் சுமந்தவளின் உழைப்பு தோட்டத்தின் எந்தச் செக்ரோல் பதிவிலும் ஏறவில்லை.

சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அந்த உழைப்பின் கனம் தெரியும். 1871-இல் வந்த ஒரு கட்டளைச் சட்டப்படி, ஒரு காணியைப் பத்தாண்டுகள் இடையூறில்லாமல், உரிமையாளருக்கு எதிரிடையாக அனுபவித்தவர் உரித்துக் கேட்கலாம். லயத்தில் இருப்பவருக்கு அது உதவாது. அவர் தோட்டத்தின் அனுமதியில், வேலை இருக்கும்வரை குடியிருப்பவர். மூன்று தலைமுறை அதே மண்ணைக் கொத்தியிருந்தாலும் அந்தப் பத்தாண்டுக் கணக்கில் ஒரு நாள்கூடச் சேராது. 1946-இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென்று அரசு எடுத்துக்கொண்டு தொழிலாளரை வெளியேறச் சொன்னது. போக மறுத்தவர்கள் மீது அத்துமீறிக் குடியிருந்ததாக வழக்குப் போட்டார்கள். தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் எழுந்தது. இரண்டாண்டு கழித்து 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இப்படியொரு நிலையில் வெளியே பிழைக்கப் போகிறவர் காம்பராவைப் பூட்டிவிட்டுப் போவது ஆபத்து. ஆளில்லாத காம்பராவை நிர்வாகம் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். வாசல் தழைத்து நின்று, தண்ணீர் ஊற்ற ஒருவரும் இருந்தால், அது இன்னாருடையது என்பது லயம் முழுவதற்கும் தெரியும். நீதிமன்றம் ஏற்காத அனுபோகத்தை அடுத்த வீடுகள் ஏற்றுக்கொண்டன. லயத்துப் பிணக்குகளில் யார் வைத்த பலா, யார் போட்ட பாத்தி என்ற கேள்விக்கு இருக்கும் மதிப்பு இந்த ஏற்பிலிருந்து வந்தது.

1964 ஒக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்கவும் வகுத்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு என்று ஆயிற்று. தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் தகரப் பெட்டியைக் கொண்டுபோனார்கள். வாசலைக் கொண்டுபோக முடியாது. அது இங்கேயே தங்கிய உறவுக்காரர் கைக்கு மாறியது, திரும்பி வந்து வாங்கிக்கொள்ள ஆளில்லாத ஒப்படைப்பாக. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தமிழ்நாட்டுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில் வேலை கிடைத்தவர்களுக்கு மறுபடியும் வேலையோடு பிணைந்த வீடுதான் கிடைத்தது. வாசலை முதலிலிருந்து தொடங்கினார்கள்.

இதையெல்லாம் மறுத்துச் சொல்ல வலுவான வாதம் ஒன்று உண்டு. வாசல் தோட்டத்துக்கு இடம் கொடுத்ததே நிர்வாகம்தான். சொந்தமாகக் கீரை பறிக்கிறவருக்குக் கூலியைக் குறைத்துக் கொடுக்கலாம், நட்டதை விட்டு ஆள் ஓடவும் மாட்டார். ஆகவே இது ஆளைக் கட்டிப்போட்ட கயிறே தவிர உரிமையின் தடம் அல்ல என்பார்கள். முதற்பாதியை ஏற்கிறேன், தோட்டங்கள் கணக்குப் பார்க்காமல் எதையும் அனுமதித்ததில்லை. ஆனால் கொடுத்தவரின் நோக்கமே வாங்கியவரின் நோக்கமாக வேண்டியதில்லை. 1973–74-இல் பங்கீட்டு அரிசியும் மாவும் சுருங்கித் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த நாட்களில், வாசலில் நின்ற மரவள்ளி நிர்வாகத்துக்காக விளையவில்லை. அதைவிட, குரோட்டனைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அது கறிக்கு ஆகாது, காசுக்கும் ஆகாது. செவ்வந்தி என்றால் மாரியம்மனுக்குப் போகும். குரோட்டனால் கூலியும் குறையாது, பசியும் அடங்காது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் குடும்பம் முழுவதும் நெருங்கிக் கிடந்தவர்கள், சுமந்து வந்த தண்ணீரை அந்த இலைச்செடிக்கும் பங்கு வைத்தார்கள். வாசலைத் தங்களுடையதென்று கருதினார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு மறுப்பு பெண்களின் பக்கத்திலிருந்து வருகிறது; அது இதைவிடக் கூர்மையானது. 1977-க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது, 1985-இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கான சட்டம் வந்தது, பெண்கள் மேற்காசியாவுக்குப் போகத் தொடங்கினார்கள். அவர்கள் ஒப்படைத்துப் போவது செடியை மட்டுமல்ல. பிள்ளை, கோழி, சீட்டுப் பணம், கடன் தவணை எல்லாம் அதோடு சேர்த்தி. 2013-இல் அரசாங்கம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிக்காக வெளிநாடு போகக்கூடாது என்றும், மற்றத் தாய்மார் பிள்ளைக்குப் பாதுகாவலர் யார் என்பதைக் குடும்பப் பின்னணி அறிக்கையில் காட்ட வேண்டும் என்றும் விதித்தது. 2022-இல் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைந்தது. பாதுகாவலராகப் பெயர் எழுதப்படுகிறவர் பல வீடுகளில் ஒரு முதிய பெண், ஆயுளில் பாதியைக் கொழுந்துக் கூடையோடு கழித்தவர். அவர் தலையில் இன்னும் பத்து டின் செடியை ஏற்றுவதைக் கொண்டாடலாமா என்று கேட்டால், கூடாது. நான் கேட்பது கொண்டாட்டமல்ல, கணக்கு. 2022 ஜூனில் உணவு நெருக்கடி முற்றியபோது, வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமையை விடுமுறையாக்கியது அரசாங்கம். அரச அலுவலகத்தில் இருப்பவர் மண் கொத்தினால் அது நாட்டுப்பணி என்று ஒப்புக்கொண்டார்கள். லயத்தில் அதே வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தவருக்கு ஒரு நாள் விடுமுறையும் இல்லை, ஒரு வரிப் பதிவும் இல்லை.

அந்தக் கணக்கு இப்போது அவசரமாகியிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29-இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு, தனி வீடும் 7 பேர்ச்சஸ் காணியும் என்ற கோரிக்கையைத் தள்ளிப்போடுவது கடினமாயிற்று. இந்திய உதவியில் கட்டப்படும் வீட்டின் பரப்பு 550 சதுர அடி. 7 பேர்ச்சஸ் ஏறக்குறைய 1,900 சதுர அடி. எஞ்சும் 1,350 சதுர அடி, இந்தக் குடும்பங்களில் பலவற்றுக்குச் சட்டப்படி சொந்தமாகும் முதல் வாசல். அதன் உறுதியைக் குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஓர் ஆணுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தால், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியவளும் விடுபடுவாள், அவள் வரும்வரை வாசலைக் காத்த தாயும் விடுபடுவாள். தோட்டத்தில் வேலை செய்த ஆண்டுகளைக் கேட்கும் படிவம், வீட்டில் இருந்து பார்த்துக்கொண்ட ஆண்டுகளையும் கேட்க வேண்டும். அந்த ஆண்டுகளுக்கு அடுத்த வீட்டாரின் வாய்ச்சொல்லைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு, உறுதியில் போனவர் பெயரையும் இருந்தவர் பெயரையும் கூட்டாக எழுத வேண்டும். மடுல்சீமையிலிருந்து மொனராகலை வரை இன்னும் அளவுச் சங்கிலி போடாத லயங்கள் நிறைய இருக்கின்றன. அங்கே இதைத் தொடங்கலாம்.