மணிக்கு 3.6 ராண்ட்ஜன்: செர்னோபிலில் ஓர் அலகு மாற்றம்

1986 ஏப்ரல் 26ஆம் நாள் அதிகாலை 1.23 மணியளவில், அன்றைய சோவியத் உக்ரைனில் இருந்த செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. அடுத்த சில மணி நேரத்தில் நிலையத்திலிருந்து மேலிடத்திற்குத் தெரிவிக்கப்பட்ட கதிர்வீச்சு வீதம் மணிக்கு 3.6 ராண்ட்ஜன். 2019இல் வெளிவந்த தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்குப் பின் இவ்வெண் உலகெங்கும் அறியப்பட்டது. உண்மையை மறைத்தமைக்குச் சான்றாகவே பெரும்பாலோர் இதனைக் காட்டுவர். அக்கருத்தை இக்கட்டுரை மறுக்கவில்லை; எனினும் அவ்வெண் தோன்றிய வழி ஓர் அலகு மாற்றம் என்பதையும், அம்மாற்றத்தில் தொலைந்தது எது என்பதையும் ஆராய முற்படுகிறது.

கதிர்வீச்சை அளக்கும் அலகுகள் ஒரே பொருளை அளப்பவை அல்ல. தொடக்கக் காலத்தில் மருத்துவர்கள் நோயாளியின் தோல் சிவப்பதையே அளவாகக் கொண்டனர். 1928இல் ஸ்டாக்ஹோமில் கூடிய பன்னாட்டுக் கதிரியல் மாநாடு ராண்ட்ஜன் அலகை ஏற்றது. இது காற்றில் உண்டாகும் மின்னூட்டத்தின் அளவேயன்றி, உடல் உட்கவரும் ஆற்றலின் அளவன்று. உட்கவர்ந்த ஆற்றலைக் குறிக்க 1953இல் ராட் வந்தது. ஒரு கிராமுக்கு 100 எர்க் என்பது அதன் வரையறை. 1975இல் கிரே (100 ராட்), 1979இல் உயிரியல் விளைவையும் கணக்கிற்கொள்ளும் சீவர்ட் (100 ரெம்) ஆகியன ஏற்கப்பட்டன. செர்னோபில் விபத்து நிகழ்ந்தபோது புதிய அலகுகள் நடைமுறைக்கு வந்திருந்தன. நிலையத்துப் பணியாளர் கையிலிருந்த கருவிகளோ ராண்ட்ஜனிலேயே அளவு காட்டின.

அக்கருவிகளுள் பெரும்பாலானவற்றின் உச்ச அளவு நொடிக்கு 1000 மைக்ரோராண்ட்ஜன். அன்றிரவு பல இடங்களில் முள் அவ்வெல்லையைக் கடந்து நின்றது. 1000 மைக்ரோராண்ட்ஜன் என்பது 0.001 ராண்ட்ஜன், மணிக்கு 3600 நொடிகள், ஆகவே மணிக்கு 3.6 ராண்ட்ஜன். கணக்கில் பிழையில்லை. ஆனால் முள் காட்டியது 1000 அன்று. 1000 அல்லது அதற்கு மேல். பெருக்கலுக்கு எண் மட்டுமே சென்றது; ‘அதற்கு மேல்’ என்பது பின்தங்கிவிட்டது.

இங்கே கருதத்தக்க வேறொன்றும் உண்டு. நொடிக்கு 1000 என்ற முழு எண்ணைக் கேட்பவர், இது கருவியின் எல்லையோ என ஐயுறக் கூடும். மணிக்கு 3.6 என்பதோ புள்ளிக்குப் பின்னும் ஓர் இலக்கம் கொண்டு, கவனமாக அளந்தெடுத்த எண்போலத் தோன்றுகிறது. அறுபதின் அடுக்கில் காலத்தைப் பகுத்த பழம்பாபிலோனிய மரபு, எல்லையை அளவீடாக உருமாற்றிவிட்டது எனலாம்.

அலகு மாற்றத்தைக் கற்பிக்கும் நூல்கள் பெரும்பாலும் காரணிகளின் நுட்பத்திலேயே நிற்கின்றன. ஒரு ராண்ட்ஜன் காற்றில் ஏறத்தாழ 0.876 ராட், மென்திசுவில் காமாக் கதிருக்கு ஏறத்தாழ 0.96 ராட். களப்பணியாளர் மூன்றையும் சமமாக்கி, ஒரு ராண்ட்ஜன், ஒரு ராட், ஒரு ரெம் என்று கொள்வர். இதனால் நேரும் பிழை பன்னிரண்டு விழுக்காட்டை ஒட்டியதே. செர்னோபிலில் எரிபொருளும் கிராஃபைட்டும் சிதறிக் கிடந்த இடங்களில் வீதம் மணிக்கு ஆயிரக்கணக்கான ராண்ட்ஜன். காரணியின் பிழை இதன் முன் பொருட்படுத்தத்தக்கதன்று.

இவ்வேறுபாடு மனிதர்க்கு என்ன பொருள் தந்தது? விபத்துச் சீரமைப்புப் பணியில் ஒருவருக்கு 1986இல் விதிக்கப்பட்ட வரம்பு 25 ரெம். மணிக்கு 3.6 ராண்ட்ஜன் எனக் கொண்டால் அவ்வரம்பை எட்ட ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும். அதாவது ஒரு பணிமுறை முழுவதும் ஒருவரை உள்ளே நிறுத்தலாம். மணிக்கு 10,000 ராண்ட்ஜன் உள்ள இடத்தில் அதே வரம்பு ஒன்பது நொடியில் தீரும்.

3.6 ராண்ட்ஜனை 36 மில்லிசீவர்ட் என மாற்றி எழுதும் இன்றைய கட்டுரைகள் அதே பிழையை மீண்டும் செய்கின்றன. ‘குறைந்தது 36 மில்லிசீவர்ட்’ என்றெழுதுவதே மூலக் கருவிக்கு நேர்மையான மொழிபெயர்ப்பு.

நிலையப் பணியாளரும் தீயணைப்பு வீரருமாக 134 பேருக்குக் கடுங்கதிர்வீச்சு நோய் உறுதி செய்யப்பட்டது. 28 பேர் சில மாதங்களுக்குள் இறந்தனர். அவர்கள் அணிந்திருந்த அளவிகளும் எல்லை மீறியமையால் பயன்படவில்லை. எனவே குருதியின் நிணநீர்ச் செல் எண்ணிக்கையையும் நிறப்புரி மாற்றங்களையும் கொண்டே உட்கவர்ந்த அளவு கணிக்கப்பட்டது: 0.8 முதல் 16 கிரே வரை. 1928க்கு முன் தோல் செய்த பணியை அங்குக் குருதி செய்தது.