பனித்தீவு மறைந்த வரலாறு

வரலாறு என்றவுடன் நம் மாணவர்களின் நினைவுக்கு வருவன மன்னர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளுமே. சிறுவர் விளையாடிய இடங்களுக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. பிரிக்பீல்ட்சில் 1905ஆம் ஆண்டில் இரயில்வே ஊழியர்களுக்கெனக் கட்டப்பெற்ற நூறு வீடுகளை மூத்தோர் அறிவர். அவ்வீடுகளின் பின்சந்துகளில் பந்தாடியும் கோலி உருட்டியும் வளர்ந்தோர் பலர் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. ஆயினும் அவை நின்ற நிலம் இருக்கிறது, நிழற்படங்கள் இருக்கின்றன, 'இங்கேதான்' என்று விரல் நீட்டிக் காட்ட ஒரு தெருவாவது இருக்கிறது. யான் ஈண்டு எழுதப் புகுவதோ, விரல் நீட்டிக் காட்டவும் இடமில்லாத ஒரு விளையாட்டுக் களத்தைப் பற்றியாகும். கோடிக்கணக்கான சிறுவர் அதில் உலவினர். கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப் பிள்ளைகளும் உலவினர். அதன் பெயர் 'கிளப் பெங்குவின்'.

இணையத்தில் ஒருவர் தமக்கென ஓர் உருவத்தைத் தேர்ந்து, அவ்வுருவத்தின் வழியே பிறருடன் பழகும் உலகங்களை மெய்நிகர் உலகங்கள் என்கிறோம். அவ்வுருவத்திற்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயர் 'அவதார்'. நம் காதுக்கு இது புதிய சொல்லன்று. திருமால் மீனாகவும் ஆமையாகவும் ஏனமாகவும் இறங்கி வந்ததைக் குறித்த சொல்லே அமெரிக்காவின் கணினித் திரைக்குள் புகுந்தது. 1980களின் நடுப்பகுதியில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தார் கொமடோர் 64 எனும் சிறு கணினிக்காக உருவாக்கிய 'ஹாபிடாட்' எனும் உலகில், சிப் மார்னிங்ஸ்டார், ரேண்டி ஃபார்மர் ஆகிய இருவரும் ஆடுவோரின் திரையுருவத்திற்கு இப்பெயரைச் சூட்டினர். கடவுளர் மண்ணுக்கு இறங்கியது போல மனிதன் திரைக்குள் இறங்குகிறான் என்பது அவர்கள் கருத்து. உவமை பொருத்தமானதே. ஆனால், சொல்லைத் தந்த நம் நாட்டார் மொழிகளுக்கு அவ்வுலகங்களில் இடம் கிடைத்ததா என்பது வேறு வினா. அதனைப் பின்னர்க் காண்போம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் கெலோனா என்றொரு நகரம் உண்டு. அங்கே லான்ஸ் பிரீப் என்பார் தம் ஓய்வு நேரத்தில் பெங்குவின் பறவைகளை வைத்துச் சிறு இணைய விளையாட்டுகளைச் செய்து வந்தார். 2000ஆம் ஆண்டில் ஒன்றும் 2003இல் மற்றொன்றும் வெளிவந்தன. அவருடன் லேன் மெரிஃபீல்டு, டேவ் கிரிஸ்கோ ஆகியோர் சேர்ந்து 2005 அக்டோபர் 24ஆம் நாள் கிளப் பெங்குவினைத் திறந்தனர். தம் பிள்ளைகளை நம்பி விடத்தக்க ஓரிடம் இணையத்தில் இல்லையே என்னும் தந்தையரின் கவலை இதற்கு ஒரு காரணமாயிற்று. ஆதலின், விளம்பரங்கள் கூடா என்று விதித்தனர். வருவாய்க்கு மாதச் சந்தாவை வைத்தனர்.

உள்ளே நடந்தது என்ன? சிறுவன் ஒருவன் தனக்கு விருப்பமான நிறத்தில் ஒரு பெங்குவின் ஆவான். பனி மூடிய தீவில் நடப்பான்; மலையிலிருந்து சறுக்குவான்; மீன் பிடிப்பான்; சுரங்கத்தில் வண்டி ஓட்டுவான்; நாணயம் சேர்ப்பான். அந்நாணயத்தைக் கொண்டு தன் பனிவீட்டை அழகு செய்வான். 'பஃபிள்' எனப்படும் பஞ்சுருண்டை போன்ற செல்லப் பிராணியை வளர்ப்பான். பசியறிந்து உணவிடாவிட்டால் அது வீட்டை விட்டு ஓடிவிடும். கலங்கரை விளக்கத்துத் தொலைநோக்கியில் ஒரு கப்பல் சிறு புள்ளியாய்த் தெரியத் தொடங்கினால், ராக்ஹாப்பர் எனும் கடற்கொள்ளைப் பெங்குவின் வருகிறான் என்று தீவே பரபரப்படையும். இவ்வளவே விளையாட்டு. வெற்றி தோல்வி பெரிதில்லை. பெரியவர்களுக்கு இதில் என்ன சுவை என்று தோன்றும். நாம் மணலில் கட்டிய வீட்டிலும் என்ன சுவை இருந்தது?

சந்தாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பணம் செலுத்தாத பிள்ளையும் உள்ளே வரலாம். ஆயின் நீலம், சிவப்பு எனும் இரு நிறப் பஃபிள்களையே வளர்க்கலாம். ஆடையணிகளும் வீட்டுப் பொருள்களும் பெரும்பாலும் சந்தாதாரர்க்கே. மாதம் 5.95 அமெரிக்க டாலர், அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 20 ரிங்கிட்.  ஆகவே, பனித்தீவிலும் ஆடையுள்ள பெங்குவின், ஆடையற்ற பெங்குவின் என இரு வகுப்பார் இருந்தனர். நம் பிள்ளைகளிற் பெரும்பாலோர் எவ்வகுப்பைச் சேர்ந்தோர் என்று யான் சொல்லத் தேவையில்லை.

நம் நாட்டில் 'ஸ்ட்ரீமிக்ஸ்' எனும் அகன்ற அலைவரிசைச் சேவை 2001இல் தொடங்கிற்று. அதற்குப் பிந்திய ஆண்டுகளில்தான் கிள்ளானின் தாமான்களில் உள்ள வீடுகளுக்குள்ளும் இணையம் நுழைந்தது. வீட்டில் வசதியில்லாதோர்க்குக் கடைவீட்டு மாடிகளில் சைபர் கஃபேக்கள் இருந்தன. 2008ஆம் ஆண்டில் கிள்ளானில் நான்காம் ஆண்டு மாணவர்க்குத் தமிழ் கற்பித்து வந்தேன். 'எனது செல்லப் பிராணி' எனும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். பூனையும் நாயும் கிளியுமாக ஏடுகள் வந்தன. ஒரு மாணவி மட்டும் தம் பிராணி நீல நிறம் என்றும், அதற்குக் கால்கள் இல்லை என்றும், இரண்டு நாள் உணவிட மறந்தமையால் தம் மேல் கோபமாய் இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். 'உண்மையை எழுதுக' என்று சிவப்பு மையில் எழுதி, மதிப்பெண்ணைக் குறைத்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எமக்குக் கற்பித்த பெருந்தகை, மாணவனின் அனுபவத்திலிருந்து பாடத்தைத் தொடங்குக என்று பன்முறை சொல்லியிருந்தார். அவர் சொல் அன்று என் நினைவில் எழவில்லை.

இனி, முன்னர் நிறுத்தி வைத்த வினாவுக்கு வருகிறேன். தமிழைக் கணினிக்குள் கொண்டுவந்த முயற்சியில் இம்மண்ணுக்குப் பெரும்பங்கு உண்டு. முத்து நெடுமாறன் 1985 முதல் உருவாக்கி வளர்த்த 'முரசு' மென்பொருள் இங்கே பிறந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' வழியே பாடுபட்டார். 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது. எழுத்துருவும் விசைப்பலகையும் குறியேற்றமும் அறிஞர்களால் ஆராயப்பட்டன. கவிதை இணையம் ஏறியது, செய்தித்தாள் ஏறியது, நிகண்டும் ஏறியது. ஆனால், நம் பிள்ளை தமிழில் விளையாட ஒரு தீவு எழுந்ததா? இல்லை. அறிஞர்களைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. எழுத்தே இல்லாதபோது விளையாட்டுக்கு எங்கே போவது? எனினும் அந்த ஆண்டுகளில் நம் பிள்ளைகள் எங்கே பொழுது போக்கினர் என்பதை நாம் அறியாதிருந்தோம் என்பதும் மெய்.

கிளப் பெங்குவின் ஆங்கிலத்தில் தொடங்கிப் பின்னர்ப் போர்த்துகீசியம், பிரெஞ்சு, ஸ்பானியம், ஜெர்மன், ருசியம் ஆகிய மொழிகளிலும் வந்தது. ஆசிய மொழி ஒன்றுகூட இல்லை. அங்கே உரையாடலைக் காக்க ஒரு வடிகட்டியை அமைத்திருந்தனர். தீய சொற்களைத் தடுப்பதோடு அது நில்லாது. ஒப்புக்கொள்ளப்பட்ட சொற்பட்டியலில் இல்லாதவற்றையும் நிறுத்திவிடும். தொலைபேசி எண் பரிமாறக் கூடாதென்று எண்களையும் நிறுத்தும். சிறுவர் பாதுகாப்புக்கு இது வேண்டியதே, மறுப்பார் இல்லை. அதன் பக்கவிளைவை மேற்சொன்ன மாணவி பல ஆண்டுகளுக்குப் பின்னர் என்னிடம் சொன்னார். ஒரே தெருவைச் சேர்ந்த மூன்று தோழியர் ஒன்றாய்த் தீவில் நின்றுகொண்டு, ஆங்கில எழுத்தில் 'வணக்கம்' என்று தட்டுவார்களாம். தட்டியவர் திரையில் சொல் தோன்றும். மற்ற இருவருக்கும் தெரியாது. அவர்கள் பெங்குவின் வாய் திறவாமல் நிற்கும். பிறகு தொலைபேசியில் அழைத்து, 'பார்த்தாயா?' என்று கேட்பார்களாம்.

தீவின் பின்வரலாறு விரைந்து சொல்லத்தக்கது. 2007 ஆகஸ்டில் டிஸ்னி நிறுவனம் அதனை 35 கோடி டாலருக்கு வாங்கியது. இலக்குகளை எட்டினால் மேலும் அவ்வளவு தருவதாக ஒப்பந்தம், இலக்குகள் எட்டப்படவில்லை. அப்போது 1 கோடியே 20 இலட்சம் கணக்குகளும், சந்தா செலுத்துவோர் ஏழு இலட்சம் பேரும் இருந்தனர். 2013இல் கணக்குகள் 20 கோடியை எட்டின. அதற்குள் பிள்ளைகளின் கைக்குக் கைப்பேசி வந்துவிட்டது. கணினி முன் அமர்ந்து ஆடும் ஃபிளாஷ் விளையாட்டுகள் பழம்பொருளாயின. 2012இல் மெரிஃபீல்டு விலகினார். இறுதியில் 2017 மார்ச் 30ஆம் நாள், அமெரிக்க மேற்குக்கரை நேரப்படி நள்ளிரவு கடந்து ஒரு நிமிடத்தில், தீவு மூடப்பட்டது. நமக்கு அப்போது வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி. அதன் இடத்தில் வந்த கைப்பேசித் தீவும் 2018 டிசம்பரில் மூடப்பட்டது.

மூடும் முன்னர் நடந்த ஒரு செய்தியை மட்டும் விடுதல் கூடாது. தீவின் ஓரத்தில் ஒரு பனிப்பாறை மிதந்தது. பல பெங்குவின்கள் ஒரு பக்கமாய்க் கூடி நின்று, தலைக்கவசம் அணிந்து, துளைப்பான் ஆட்டம் ஆடினால் அது கவிழும் என்றொரு கதை சிறுவரிடையே பரவியிருந்தது. யார் தொடங்கியதோ! ஆண்டுக்கணக்காய் ஆடினர், பாறை அசையவில்லை. நாட்டார் வழக்காறு என்று நாம் வகுப்பில் விளக்குவோமே, அதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ? 2017இன் இறுதி விழாவில் நிறுவனத்தார் அப்பாறையை உண்மையாகவே கவிழச் செய்தனர். அதன் அடியில் ஒரு நடன அரங்கு இருந்தது.

அதன் பின் ஆர்வலர் சிலர் உரிமையின்றிப் படிகளை நடத்தினர். 2020இன் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், வளர்ந்துவிட்ட பழைய பெங்குவின்கள் அவற்றை நாடின. அவற்றுள் பெரியதொன்று 2022 ஏப்ரலில் மூடப்பட்டது. இலண்டன் நகரக் காவல்துறையினர் மூவரைக் கைது செய்தனர். ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவும் 2020 இறுதியோடு நின்றுவிட்டிருந்தது.

அம்மாணவி சென்ற ஆண்டு தம் திருமண அழைப்பிதழுடன் பள்ளிக்கு வந்தார். பேச்சின் இடையே, "ஐயா, நான் அன்று எழுதியது உண்மைதான்" என்றார். நினைவிருக்கிறது என்றேன். என் மேசையருகே சுருட்டி வைத்திருந்த மஞ்சோங் தாளில் ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்து, அத்தீவை எனக்கு வரைந்து காட்டுமாறு கேட்டேன். கப்பல்துறை, நகர், சதுக்கம், காடு, சறுக்குமலை, சுரங்கம், கலங்கரை விளக்கம் என எங்கும் நில்லாமல் வரைந்துகொண்டே போனார். பனிப்பாறைக்கு வந்தபோது மட்டும், கவிழ்ந்த நிலையில் வரைவதா, நிமிர்ந்த நிலையில் வரைவதா என்று சற்றுத் தயங்கி, நிமிர்ந்த நிலையிலேயே வரைந்தார்.