சுத்தமான காரும் காங்கோவின் மண்ணும்

புகை விடாத கார், சுத்தமான கார் என்று மின்சாரக் காரைக் கொண்டாடுகிறார்கள். சுத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வரும். ஒருத்தன் சுத்தமாயிருக்க அவன் அழுக்கை இன்னொருத்தன் தலையில் ஏற்றுகிற ஏற்பாடு நமக்குப் புதுசில்லை. இந்தக் காரின் அழுக்கு யார் தலையில் இறங்குகிறது என்பதைக் காங்கோவின் வரலாறு சொல்லும்.

பெல்ஜிய அரசன் இரண்டாம் லியோபோல்ட் 1885 முதல் 1908 வரை அந்நாட்டைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்தான். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். சைக்கிளுக்கும் பிறகு காருக்கும் ஐரோப்பா ரப்பர் கேட்டது. காட்டுக் கொடிகளில் பால் எடுக்க ஊர்மக்களை விரட்டினார்கள். அளவு குறைந்த ஊர்களில் சுட்டார்கள். செலவான தோட்டாவுக்குக் கணக்காகச் சிப்பாய்கள் வெட்டிய கைகளைக் காட்டினார்கள். உசுரோட இருந்தவங்க கையும் வெட்டுப்பட்டது.

1906இல் கடங்காவின் செம்பைத் தோண்ட யூனியன் மினியேர் கம்பெனி வந்தது. 1960இல் நாடு விடுதலையானதும், கம்பெனியின் ஆதரவோடு கடங்கா தனியே பிரிந்தது. பிரதமராயிருந்த பாட்ரிஸ் லுமும்பாவை 1961 ஜனவரி 17 அன்று அதே கடங்காவில் கொன்றார்கள். உடலை அமிலத்தில் கரைத்தார்கள்.

அந்த மண்ணில் செம்போடு சேர்ந்து கிடைப்பதுதான் கோபால்ட். பல கார் பேட்டரிகளில் அது கிலோக் கணக்கில் போகிறது. 2024இல் உலகம் தோண்டிய கோபால்ட்டில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் காங்கோவுடையது. கொல்வேசியில் பெரிய கம்பெனிச் சுரங்கங்களுக்குப் பக்கத்திலேயே ஏழைகள் கடப்பாரையோடு குழிக்குள் இறங்குகிறார்கள். முட்டுக்கொடுக்காத குழி சரிந்தால் உள்ளேயே சமாதி. பெண்களும் பிள்ளைகளும் கல்லை ஆத்துல அலசுறாங்க. சுரங்கத்தருகே வாழ்பவர்களின் சிறுநீரில் கோபால்ட் மிக அதிகம் என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. தகப்பன் சுரங்க வேலை செய்தால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு கூடுகிறது என்றது 2020இல் வந்த லூபும்பாஷி ஆய்வு.

குழிகளில் செத்த, ஊனமான பிள்ளைகளுக்காக 2019இல் அமெரிக்காவில் டெஸ்லா, ஆப்பிள் உள்ளிட்ட கம்பெனிகள்மீது வழக்குப் போட்டார்கள். பல கை மாறி வந்த சரக்கை வாங்குவது மட்டுமே அந்தக் குற்றத்தில் பங்கெடுப்பதாகாது என்று 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளிவிட்டது. கை மாற மாற அழுக்கும் போயிடுமாம்!

பெட்ரோல் புகைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கோபால்ட் இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளும் பரவிவிட்டன. அதற்கும் லித்தியம் எங்கேயோ ஒரு மண்ணிலிருந்துதான் வர வேண்டும். சூழல் பேசுகிற தோழர்களே, காரோட புகைக்குழாயை மட்டும் மோந்து பாக்காதீங்க. பேட்டரிக்காக எந்த ஊர் தண்ணி கெட்டது, யார் குழிக்குள்ள இறங்கினாங்கங்கிறதையும் அந்தக் கணக்கில் எழுதுங்க.