கண்டி வாவிக்கரையிலே

விடுமுறையிற் கண்டிக்குச் செல்வோர் தலதா மாளிகையைத் தரிசித்தபின் பெரும்பாலும் நாடுவது வாவிக்கரையையே. ஏறத்தாழ 3 கிலோமீற்றர் சுற்றளவுள்ள அக்கரையை ஒரு மணி நேரத்தில் நிழலிலே நடந்து சுற்றிவிடலாம்.

அவ்விடம் முன்னாளில் வயல்நிலம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கண்டியின் இறுதி மன்னனாகிய ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் அங்கு அணை கட்டி நீர் நிரப்பினான். கண்ணுசாமி என்னும் இளமைப்பெயர் கொண்ட அவன் நாயக்கர் மரபினன். திட்டம் வகுத்தவர் தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பி. மண் சுமந்தோரோ, இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியத்திற்கு அழைக்கப்பட்ட குடிமக்கள். பிரதானிகள் மன்னன்மீது கொண்ட மனக்கசப்புக்கு இவ்வேலையும் ஒரு காரணமாயிற்று.

அவன் எழுப்பிய அழகை நெடுங்காலம் கண்டு மகிழ அவனுக்கு வாய்க்கவில்லை. 1815 பெப்ரவரியில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டான். மார்ச் 2ஆம் நாள் உடன்படிக்கையால் அரசு பிரித்தானிய முடிக்குரியதாயிற்று. வாவியின் நடுத்தீவில் அவன் அமைத்த மண்டபம் வெடிமருந்துக் களஞ்சியமாக மாறியது. மன்னன் தமிழகத்து வேலூர்க் கோட்டையிற் காவலில் இருந்து 1832இல் மறைந்தான். அவனது சமாதி பாலாற்றங்கரையில் உள்ளது.

கரையோரத்தில் அலையலையாய்ச் செல்லும் மேக மதிலைக் காண்பீர்கள். விளக்கேற்றும் மாடங்களோடு கூடிய அம்மதில் இன்றும் குறைவேலையாகவே நிற்கின்றது. அங்கே சற்று நில்லுங்கள். கட்டுவித்தவன் பெயரை வரலாறு காத்துவைத்திருக்கின்றது. மண் சுமந்தவர் பெயரைக் காக்கவில்லை. குளிர்ந்த நீரைக் கண்டு மகிழும் நாம், அவர்களையும் நினைத்து நடப்பதே முறை.