பெர்லின் கலைஞர் திட்டம்
வெளிநாட்டு எழுத்தாளர்கள், இசையமைப்பாளர்கள், திரைக்கலைஞர்கள், காட்சிக்கலைஞர்கள் ஆகியோரைப் பெர்லினில் தங்கிப் பணியாற்ற அழைக்கும் ஜெர்மானிய நல்கைத் திட்டம். 1961இல் எழுந்த சுவரால் தனிமைப்பட்ட மேற்கு பெர்லினின் பண்பாட்டு வாழ்வைப் பேண, அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை 1963இல் தொடங்கியது. சில ஆண்டுகளில் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் பொறுப்பேற்றது. எழுத்தாளர்களுக்கு வழக்கமாக ஓராண்டுக்கு உதவித்தொகையும் குடியிருப்பும் கிடைக்கும்.

முதல் விருந்தினர்களுள் ஆஸ்திரியக் கவிஞர் இங்கெபோர்க் பாக்மன் ஒருவர். 1939 முதல் அர்ஜென்டினாவில் வாழ்ந்த போலந்து எழுத்தாளர் விட்டோல்ட் கோம்ப்ரோவிச் ஐரோப்பா திரும்ப இவ்வழைப்பே வழி திறந்தது. சொந்த நாட்டில் நெருக்கடிக்குள்ளான படைப்பாளிகளுக்குப் புகலிடமானதே இதன் பெரும்பணி எனலாம். கம்யூனிச ஹங்கேரியை விட்டு லாஸ்லோ கிராஸ்னஹோர்காய் முதன்முறை வெளியேறியதும் 1987இல் இந்நல்கையால்தான்; அவர் 2025இல் இலக்கிய நோபல் பரிசு பெற்றார்.