நீலப் பெட்ரோலில் மிஞ்சிய ஈயம்

சாலை வாகனங்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற கடைசி நாடு அல்ஜீரியா. 2021இல் அங்கும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் பிஸ்டன் என்ஜின் பொருத்திய சிறு விமானங்களின் டேங்குக்குள் ஈயம் இன்றும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஏவ்காஸ் 100 எல்எல் என்ற அந்த நீல நிறப் பெட்ரோலில், லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்க அனுமதி உண்டு.

இந்த ஈயத்தின் பிறந்த ஊர் அமெரிக்காவின் டேட்டன். 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் லெட் என்ற சேர்மத்தைப் பெட்ரோலில் துளியளவு கலந்து பார்த்தார். தீப்பொறி மூட்டிய சுடர் பரவி வருவதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடித்து என்ஜினை உலுக்கும் ‘நாக்கிங்’ அதோடு நின்றது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் புத்தி பேதலித்து இறந்தார்கள். அதே மாதம் மிட்ஜ்லி பத்திரிகையாளர்கள் முன்னால் அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றி, முகர்ந்து காட்டினார். முந்தைய ஆண்டு அதே நஞ்சால் உடல் கெட்டு ஓய்வுக்குப் போனவர் அவர். அறிந்தே செய்த அந்தச் செயலை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வானத்தில் அந்த ஈயம் செய்த வேலையையும் மறைக்க முடியாது. 1930களில் ஷெல் நிறுவனத்தில் இருந்த ஜிம்மி டூலிட்டில், ஈயம் கலந்து நாக்கிங்கை இன்னும் நன்றாகத் தாங்கும் 100 ஆக்டேன் பெட்ரோலுக்காக விடாமல் வாதாடினார். 1940இல் ஜெர்மானிய விமானங்கள் பிரிட்டனைத் தாக்கியபோது ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களின் மெர்லின் என்ஜின்களுக்குக் கிடைத்தது அந்தப் பெட்ரோல்தான். என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் பூஸ்ட் அழுத்தத்தை, பழைய 87 ஆக்டேனில் இருந்த 6 பவுண்டிலிருந்து 12 பவுண்டுக்கு ஏற்ற முடிந்தது. தாழப் பறக்கும்போது வேகம் நன்றாகவே கூடியது.

பிறகு ஜெட் வந்தது. அதில் சுடர் ஓயாமல் எரிவதால் நாக்கிங் என்ற பேச்சே இல்லை. மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த, மைனஸ் 47 டிகிரி வரை உறையாத ஜெட் ஏ-1 பெரிய விமானங்களுக்கு உரியதாயிற்று. பயிற்சி விமானங்களும் மருந்து தெளிக்கும் சிறு விமானங்களும் ஏவ்காஸிலேயே நின்றுவிட்டன.

இரண்டு எரிபொருளும் ஒரே விமான நிலையத்தில் இருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. பிஸ்டன் என்ஜினுக்கு ஜெட் எரிபொருளை நிரப்பிவிட்டால் மேலேறும்போதே என்ஜின் நாசமாகும். அதனால் ஜெட் எரிபொருள் குழாயின் முனையைப் பல இடங்களில் தட்டையாக அகலப்படுத்தியிருக்கிறார்கள்; ஏவ்காஸ் டேங்கின் வாய்க்குள் அது நுழையாது. புறப்படுமுன் விமானியும் இறக்கைக்கு அடியிலுள்ள வால்வை அழுத்தி, நிறமற்ற குவளையில் கொஞ்சம் பிடித்துப் பார்ப்பார். நீலம் வெளுத்திருக்கக் கூடாது. அடியில் தண்ணீர் தனியாகத் திரண்டிருக்கக் கூடாது.

இறக்குமதியையே நம்பியிருந்த இந்தியாவில், 2022இல் இந்தியன் ஆயில் தன் வதோதரா ஆலையில் 100 எல்எல் தயாரிப்பை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா மாவட்டம், ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தில் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. அந்த நிலையத்தை ஒட்டி வாழும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருப்பதை ஓர் ஆய்வு காட்டியிருந்தது. ஈயமில்லாத 100 ஆக்டேன் பெட்ரோல் ஒன்றுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை 2022 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. ஈயத்தை முழுதாகக் கைவிட அங்கே வைத்திருக்கும் இலக்கு 2030இன் முடிவு. ஓடுபாதைக்குப் பக்கத்தில் வளரும் குழந்தைகளுக்கு அது நீண்ட காலம்.